கிளிக்கூண்டு இடது பக்கம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்த அறையிலிருந்து பூஜ்யத்தை அழுத்தினாலும் அவர் குரல்தான் வரும். அதனால் பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ஜீரோ சார். பெயரில்தான் பூஜ்யம். தலைக்குள் முந்நூற்று நாற்பது நம்பர்கள் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தன. பிரசவ வார்டு நூற்றுப் பதினொன்று, ரத்த வங்கி இருநூற்று ஆறு, பிணவறை முந்நூற்று இரண்டு. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் மூச்சை இழுக்கும்போதே ஆள் யார், அவசரம் எப்படிப்பட்டது என்று கண்டுபிடித்துவிடுவார். லீவு போடுவதற்காகப் போனில் இருமுகிற டாக்டர்கள்கூட அவரிடம் இருமுவதில்லை. நேராக மேனேஜர் நம்பரைக் கேட்டு அங்கே போய் இருமிக்கொள்வார்கள்.

சலவைப் பிரிவு இருநூற்றுப் பதினெட்டு. அந்த நம்பரைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார். மூன்றாவது மாடிக்குப் போன போர்வை ஏன் திரும்பி வரவில்லை என்று தினமும் காலையில் சண்டைக்கு வந்த குரல், எட்டே மாதத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சண்டை மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. இப்போது அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண். ரிஜிஸ்டரில் வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் அவள் குட்டி.

குட்டிக்கு நாலு வயதானதிலிருந்து அப்பாவின் ஆள்காட்டி விரல் அவள் சொத்து. தெருவில் இறங்கினால் போதும், பிடித்துக்கொள்வாள். "படி", "குழி", "சைக்கிள்", "நாய், தூங்குது" என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகச் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் கையில் வெள்ளைக்கோல் இருந்தது. இருபது வருஷமாக அதை வைத்துத்தான் இந்த ஊரைத் தட்டித் தட்டி அளந்திருந்தார். ஆனாலும் குட்டி அந்தக் கோலை ஒரு நாளும் நம்பியதில்லை. கோலுக்குக் கண்ணா இருக்கிறது என்பது அவள் கட்சி. பார்க்கிறவர்கள் எல்லோரும் உச்சி முகர்ந்தார்கள். இந்த வயதில் இவ்வளவு பொறுப்பா என்று வியந்தார்கள். அவருக்கும் கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை பள்ளிக்கூடத்தில் ஒரு மாலையில் உடைந்தது. பெற்றோர் கூட்டம். டீச்சர் நல்ல மனுஷி, மனசாரப் பாராட்டினார்.

"உங்க பொண்ணு தங்கம் சார். இன்டர்வெல்ல மத்த பிள்ளைங்கல்லாம் ஓடும். இவ ஓடவே மாட்டா. படிக்கட்டுகிட்ட நின்னுக்கிட்டு, வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் 'படி, படி'ன்னு சொல்லிட்டிருப்பா."

மனைவி பூரித்துப்போனாள். அவருக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஏழு வயதுக் குழந்தை ஓடவில்லை என்பதை யாராவது நல்ல செய்தியாகச் சொல்வார்களா? பிஞ்சிலே பழுத்தது என்று மற்றவர்களைச் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வரும். நம் கொடியில் அப்படி ஒன்று தொங்கும்போதுதான் அது எவ்வளவு கனம் என்று தெரியும். பழுக்க வைத்தது தன் விரல்தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

அன்று வீடு திரும்பும் வழியில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வருஷம் ஒரு நாள் குட்டி சாப்பிட்டுக்கொண்டே, மிருகக்காட்சி சாலைக்குப் போகலாமா அப்பா என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே, "வேணாம்ப்பா, அங்க படி நிறைய இருக்குமாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அப்போது அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அந்தத் தண்ணீர் குடித்த சத்தம்கூடக் காதில் கேட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மனைவியிடம் விஷயத்தை உடைத்தார். குட்டியை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப்போகப் போகிறார். அவரும் அவளும் மட்டும்.

"ஒரே ஒரு நாள், நான் அவளைக் கூட்டிட்டுப் போகணும்," என்றார். "அவ என்னைக் கூட்டிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் மடித்தது போதாதென்று வீட்டிலும் மடிப்பாள். மடிக்கும் வேகத்திலிருந்தே கோபத்தின் அளவு அவருக்குத் தெரியும்.

"இது ஆஸ்பத்திரி இல்லீங்க. நம்பரை அழுத்தினா யானை லைன்ல வராது," என்றாள். பிறகு துணி மடிக்கும் சத்தம் நின்றது. "கூட்டத்துல அவ கை நழுவிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

அந்தப் பயம் கண் இருக்கிற அப்பனுக்கும் உண்டு என்று சமாளித்துப் பார்த்தார். அவள் மசியவில்லை. தானும் வருவதாகச் சொன்னாள். கூடாது என்றார். அவள் கூட வந்தால் குட்டி ஒரு கையில் அம்மாவும் மறு கையில் அப்பாவுமாக இரண்டு பேருக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு நடப்பாள். வெகுநேரம் கழித்து மனைவி இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. அந்த இடத்தின் ஒவ்வொரு அடியையும் முதலில் படிக்க வேண்டும். படித்து முடித்து அவளிடம் ஒப்பிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வாசலைத் தாண்டலாம்.

வேறு ஆளாக இருந்தால் ஒரு நாள் நேரில் போய் நடந்து பார்த்திருப்பார். இவர் போன்காரர். எதையும் போனில்தான் செய்வார். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை ஆஸ்பத்திரியே கண்ணயரும் நேரம். அந்த நேரத்தில் மிருகக்காட்சி சாலையின் விசாரணை நம்பருக்கு அடித்தார்.

எடுத்தது ஒரு பெண் குரல். ஐம்பதைத் தாண்டியிருக்கும். "காலை ஒன்பது மணிக்குத் திறப்போம், மாலை அஞ்சரைக்கு மூடுவோம், செவ்வாய்க்கிழமை விடுமுறை" என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் படிக்கல்லாகத் தேய்ந்த குரல். கேட்டிலிருந்து முதல் திருப்பம் வரைக்கும் எத்தனை அடி என்று கேட்டார் ஜீரோ சார். அந்தம்மா மறுபடியும் ஒன்பது மணிக்குத் திறப்போம் என்றார். இவர் மறுபடியும் எத்தனை அடி என்றார். விளையாட்டுக்குப் போன் செய்கிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்த அனுபவம், வைத்துவிட்டார். மூன்றாவது முறை எடுத்ததும் இவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கண், குட்டி, படி, டீச்சர், எல்லாம்.

எதிர்முனையில் பேச்சில்லை. போனில் வரும் மௌனங்கள் அவருக்கு அத்துப்படி. லைன் அறுந்த மௌனம் வேறு, பொய் தேடும் மௌனம் வேறு, அழுகையை விழுங்கும் மௌனம் வேறு. இது மூன்றாவது வகை.

"நாளைக்கு இதே நேரத்துக்குப் பண்ணுங்க சார்," என்றார் அந்தம்மா. "நடந்து பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்தம்மா நடந்து எண்ணி வைத்திருந்தார். ஆனால் அதில் ஒரு சிக்கல். அந்தம்மாவுக்கு மூட்டுவலி, சின்னச் சின்ன எட்டு. அவருடைய நூறு அடி இவருக்கு எத்தனை? இவர் அந்தம்மாவின் அலுவலக வராந்தாவில் எத்தனை டைல்ஸ் என்று கேட்டார், அதைக் கடக்க எத்தனை எட்டு என்று கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே அளவு டைல்ஸைத் தான் நடந்து எண்ணினார். அவருடைய பத்து இவருக்கு ஏழு என்று முடிவானது. அன்றிலிருந்து அந்தம்மா அக்காவாகிவிட்டார்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. அக்கா பகலில் நடப்பார், மதியம் சொல்வார். இவர் பிரெய்ல் புள்ளி எழுத்தில் குத்தி வைத்துக்கொள்வார். விசாரணை ஜன்னலிலிருந்து சிமெண்ட் தரையில் நேராக எண்பது அடி. இடது பக்கம் கிளிக்கூண்டு, நாற்பது கிளிகளும் ஒரே நேரத்தில் பேசும், தவறவே முடியாது. அங்கே இடப்பக்கம் திரும்பினால் சரளைக்கல் பாதை, நூற்றிருபது அடி. அப்புறம் மூன்று படி ஏற்றம். ஏறினால் வலப்பக்கம் கரடி. அங்கிருந்து தொண்ணூற்றைந்து அடியில் ஒட்டகச்சிவிங்கி, எதிரே மரத்தடியில் பெஞ்ச். கடைசியாக நூற்றுப் பதினைந்து அடியில் யானை. அக்கா வழியை மட்டும் சொல்லவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு கருநீலம் என்றார். யானை நிற்கும்போதுகூட நிற்காது, ஏதோ தாலாட்டுக்கு ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும் என்றார். யானைக்கென்று மட்டும் இவர் இரண்டு பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். குட்டிக்கு யானையை அப்பாதான் காட்ட வேண்டும் என்பது ஆசை.

அந்த நாட்களில் ஒரு மாலை குட்டி பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தபோது சின்னக் கற்கள் தரையில் உருண்ட சத்தம் கேட்டது. என்ன கல் என்றார். பள்ளிக்கூடத்து மைதானத்தில் கொட்டியிருக்கிறார்கள் என்றாள். அவள் அம்மா அப்போது அடுப்படியில் ஏதோ பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். ஊரார் பொய்யையெல்லாம் மூச்சில் பிடிக்கிற மனுஷர், வீட்டுக்குள் காதைக் கழற்றி வைத்திருந்தார். எல்லோரும் அப்படித்தான்.

மூன்றாவது வார முடிவில் மனைவியிடம் தலைகீழ்ப் பாடமாக ஒப்பித்தார். அவள் நடுவில் நாலு இடத்தில் குறுக்குக் கேள்வி போட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. போய்ட்டு வாங்க என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தனக்கு டியூட்டி என்றும், வேண்டுமானால் கூடவே வருவதாகவும் அக்கா சொன்னார். இவர் மறுத்தார்.

"என்னைப் பாத்தாலும் பாக்காத மாதிரி இருந்துடணும் அக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

இதுக்கெல்லாமா சத்தியம் என்று அலுத்துக்கொண்டே அக்கா சத்தியம் செய்தார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு பேரும் கண்ணும் கருத்துமாக மூன்று வாரம் வழி பேசினார்கள். இரண்டு பேருக்கும், உள்ளே போனவர்கள் வெளியே வர வேண்டும் என்பது தோன்றவே இல்லை. அக்காவிடம் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட வெளியே போகும் வழியைக் கேட்டதில்லை. இவருக்கோ அழைப்பை உரிய இடத்துக்கு அனுப்புவதோடு வேலை முடிந்தது, அப்புறம் பேசுகிறவர்களே வைத்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போதே குட்டியிடம் விதிமுறையைச் சொன்னார். இன்றைக்கு அப்பாதான் வழி. குட்டி படி என்று சொல்லக் கூடாது, குழி என்று சொல்லக் கூடாது. சொன்னால் தோற்றுப்போனவள். விரலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பிடிக்கலாம், இழுக்கக் கூடாது என்றார்.

கேட்டுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் அக்காவின் குரல் யாருக்கோ செவ்வாய் விடுமுறை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பாமல் நடந்தார். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினார். எண்பது வந்தது. கிளிகள் வரவில்லை.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்களே, அதுதான் அவர் நினைவுக்கு வந்தது. நாற்பது கிளிகள் பேசுகிற இடத்தில் ஒரு குஞ்சுகூடக் கத்தவில்லை. தப்பாக எண்ணிவிட்டோமா? இன்னும் முன்னால் போக வேண்டுமா? சுற்றிலும் ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அப்போது விரலில் ஒரு சின்னச் சாய்வு, இடது பக்கமாக. இழுப்பு என்று சொல்ல முடியாது.

"கூண்டு காலியா இருக்குப்பா. பெயிண்ட் அடிக்கிறாங்க," என்றாள் குட்டி. "கிளியெல்லாம் வேற எங்கயோ."

அப்போதுதான் பெயிண்ட் வாசனை அவர் மூக்குக்கு எட்டியது. கிளிக்கூண்டு என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். போர்டு இருக்கு என்றாள். சரிதான், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளாயிற்றே. முந்தின நாள் சாயங்காலம் கிளிகளை மாற்றியிருப்பார்கள். அக்காவால் சொல்லியிருக்கவும் முடியாது. எப்போதும் இவர்தான் கூப்பிடுவார், அக்காவிடம் இவர் நம்பர் கிடையாது. இடப்பக்கம் திரும்பினார். காலடியில் சரளைக்கல் கரகரத்தது. உயிர் வந்தது.

நூற்றிருபதில் படி சரியாக வந்து நின்றது. குட்டி வாயைத் திறக்கவில்லை. விரலை மட்டும் இறுக்கினாள். சொல்லை அடக்க அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்று அந்த இறுக்கத்தில் தெரிந்தது. மூன்றும் ஏறி, வலப்பக்கம் கையை நீட்டி, இதோ கரடியார் என்று அறிவித்தார். என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"தூங்குதுப்பா," என்றாள் குட்டி. "அது எப்பவுமே தூங்கும்."

முந்நூற்று நாற்பது நம்பர்களை மேய்க்கிறவருக்கு அந்த ஒரு சொல் போதும். எப்பவுமே. முதல் தடவை பார்க்கிறவர்கள் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். ஷூவிலிருந்து உருண்ட கற்கள், பாத்திரச் சத்தம், விரலின் இடப்பக்கச் சாய்வு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தொண்ணூற்றைந்து அடியையும் எண்ணி நடந்தார். ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு கருநீலம் என்று சொன்னார். குட்டி அப்படியா என்று ஆச்சரியப்பட்டாள். நன்றாகவே ஆச்சரியப்பட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"குட்டி, நீ இங்க ஏற்கெனவே வந்திருக்கியா?"

மௌனம். இரண்டாவது வகை மௌனமாகத் தொடங்கி, மூன்றாவதாக மாறியது.

"ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்கப்பா," என்றாள் மெதுவாக. "அம்மாதான் கையெழுத்து போட்டாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். நீங்க போன்ல எவ்வளவு கஷ்டப்பட்டுக் கேட்டு எழுதினீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா யானையை நான் பாக்கலப்பா. எல்லாரும் பாத்தாங்க. நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். டீச்சர் திறன்னு சொன்னாங்க, திறக்கல. அதை உங்ககூட வந்து பாக்கலாம்னு வச்சிருக்கேன்."

கண் பார்க்காது என்றாலும் அழத் தெரியும், அது தன் வேலையைச் செய்தது. எதைத் தவிர்க்க வேண்டுமென்று மூன்று வாரம் அடி அடியாக எண்ணினாரோ, அது அவர் எண்ணி முடிக்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது. அவளை ஒரு நாள் குழந்தையாக இருக்கவிடத் திட்டம் போட்டார். அவளோ யானைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். கோபித்துக்கொள்வதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. எழுந்து நின்று விரலை நீட்டினார்.

"வா. நூத்திப் பதினஞ்சு அடி. அதுவரைக்கும் கண்ணை மூடிக்கோ. நான் கூட்டிட்டுப் போறேன்."

குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடிய குழந்தையின் நடை வேறு மாதிரி இருக்கும், தரையை நம்பாது. முதல் சில அடிகள் தடுமாறி, பிறகு அவர் நடைக்கு ஒத்து வந்தது. நூற்றுப் பதினைந்தில் நின்றார். சாணமும் வைக்கோலும் கலந்த வாசனை, பெரிய ஒரு உடம்பு மூச்சு விடும் சத்தம். எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினார். "திற," என்றார்.

குட்டி அலறினாள். பள்ளிக்கூடத்துப் பொறுப்பான பெண்ணின் குரல் அல்ல அது. அவர் இதுவரை கேட்டிராத குரல். விரல் சட்டென்று காலியானது. ஓட்டம். சின்ன ஷூக்கள் தடதடவென்று கம்பி வேலிப் பக்கம் ஓடின. "குட்டி யானை இருக்கு, குட்டி யானை இருக்கு" என்று யாரிடமோ, எல்லோரிடமும் கத்திக்கொண்டே ஓடினாள். அப்பா என்று அவள் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தாளா என்பது அவருக்குத் தெரியாது. பார்த்திருக்க மாட்டாள்.

கூட்டத்தின் நடுவில் அவர் தனியாக நின்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக விரலில் காற்றுப் பட்டது. கை நழுவினால் என்ன செய்வீர்கள் என்று மனைவி கேட்டது நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவர் கூப்பிடவில்லை. அவள் குரல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காதால் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள், வேறு யாரோ குழந்தைகளோடு சேர்ந்து சிரித்தாள், யானை தண்ணீர் பீய்ச்சியபோது கீச்சென்று கத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த இரண்டு பக்கம் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

திரும்பி வந்தபோது வியர்வை நாற்றமும் மூச்சிரைப்புமாக வந்தாள். பெஞ்சுக்கு வந்து பிஸ்கட் தின்றாள். யானையைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னாள். ஐந்தாவது வாக்கியத்தின் நடுவில் தூங்கிப்போனாள்.

அவர் குனிந்து மூச்சைக் கேட்டார். நடிப்பு இல்லை. கை விரிந்து, வாய் திறந்து, ஓடி ஓய்ந்த குழந்தையின் தூக்கம். தோளில் சாய்த்துத் தூக்கினார். ஏழு வயது, நல்ல கனம். கோலை மறு கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

தலைகீழ்ப் பாடம் என்று சும்மா சொல்லிக்கொள்கிறோம். உண்மையிலேயே தலைகீழாகச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். வலம் இப்போது இடமானது. ஏறிய படி இறங்க வேண்டிய படியானது. தொண்ணூற்றைந்து எண்ணியும் படி வரவில்லை. அப்போதுதான் உறைத்தது, தோளில் கனம் இருந்தால் எட்டு குறுகும். அக்காவின் மூட்டுவலிக்குக் கணக்குப் போட்டவர், தன் மகளின் கனத்துக்குப் போடவில்லை. கோலை முன்னால் விட்டுத் துழாவித் துழாவி, நூற்றுப் பதினெட்டில் படியின் விளிம்பைத் தொட்டார். ஒவ்வொன்றாக இறங்கினார். எழுப்பினால் போதும். குட்டி என்று ஒரு சொல். அடுத்த கணம் விரலைப் பிடித்துக்கொண்டு இடது, வலது, படி என்று வீடு வரை கொண்டு சேர்த்துவிடுவாள். அவர் எழுப்பவில்லை.

சரளைக்கல் முடிந்தது, பெயிண்ட் வாசனை வந்தது, வலப்பக்கம் திரும்பினார். சிமெண்ட். இனி எண்பதுக்கு நூறு என்று கணக்கு வைத்து நடந்தார். நூறு வந்தது. கேட் வரவில்லை. மூடும் நேரம் நெருங்கி, ஜனங்கள் நாலா பக்கமிருந்தும் கலந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ இடித்ததில் அரை வட்டம் திரும்பிவிட்டார். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியவில்லை. பரந்த வெளி. கோலுக்கு எதுவும் அகப்படவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

அப்போது கேட்டது.

"காலை ஒன்பது மணிக்குத் திறப்போம். மாலை அஞ்சரைக்கு மூடுவோம். செவ்வாய்க்கிழமை விடுமுறை."

இடப்பக்கம், கொஞ்சம் பின்னால். திரும்பினார். குரல் மறுபடியும் சொன்னது. ஒன்பது மணி, அஞ்சரை, செவ்வாய். அவர் நடந்தார். குரல் நிற்கவில்லை. மூன்றாவது தடவை, நாலாவது தடவை. வழக்கத்தைவிடச் சத்தமாக, எழுத்தெழுத்தாக. ஐந்தாவது தடவையில் அவருக்குப் புரிந்துவிட்டது. போனில் பேசுகிறவர்கள் எதிராளி பேசுவதற்கு இடம் விட்டுப் பேசுவார்கள். இந்தப் பேச்சில் இடைவெளியே இல்லை. அந்த லைனில் யாரும் இல்லை.

ஒரு காலத்தில் இது அவருக்குச் சுட்டிருக்கும். இன்றைக்குச் சுடவில்லை. தெரியாத மாதிரி காட்டிக்கொண்டு கை கொடுக்கிறவர்கள் தன்னைச் சுற்றி இத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டே அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஜன்னல் கம்பியில் கோல் தட்டியது.

"அக்கா," என்றார், தோளில் இருப்பவள் விழிக்காதபடி. "லைன்ல யாருமில்ல."

ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் உங்ககிட்ட பேசலையே சார்," என்றார் அக்கா.

அவர் தலையை அசைத்துவிட்டு கேட் பக்கம் திரும்பினார். வாசலைத் தாண்டியதும் தெருவுக்கு இறங்க ஒரு படி உண்டு. அது மனைவி குறுக்குக் கேள்வி போட்ட நாலு இடங்களில் ஒன்று. கோல் அதன் விளிம்பைத் தொட்டது. அவர் நின்று, குழந்தையின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்து, அவள் காதருகே குனிந்தார்.

"படி," என்று சொல்லிவிட்டு, மெல்ல இறங்கினார்.